பாட்டுக் கணக்கு

பாட்டு கேட்பது சுலபம். பாட்டை வைத்துக் கொள்வதுதான் கஷ்டம்.

'இதிலென்ன ஸார் கஷ்டம்? பென் டிரைவில் போட்டுக் காரில் சொருகினால் பாடிவிட்டுப் போகிறது' என்கிறீர்களா? நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். உங்களுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டிவிடுகிறேன்.

ஸி.டி.யில் இருக்கும் பாட்டு விநாடிக்கு 1,411 கிலோபிட் சாப்பிடும். அதையே எம்.பி.3 ஆக்கி, 128 கிலோபிட் போதும் என்று வாயைக் கட்டினால் பதினொன்றில் ஒரு பங்காக இளைத்துவிடும். நிமிஷத்துக்குச் சுமார் ஒரு மெகாபைட், ஐந்து நிமிஷப் பாட்டுக்கு ஐந்து. 'எனக்குக் காது ரொம்ப நுணுக்கம்' என்று சொல்லிக் கொள்கிறவர்கள் 320-ல் வைத்துக் கொள்வார்கள். அப்போது அதே பாட்டு பன்னிரண்டு மெகாபைட். இந்த உசத்தி ரகத்தில் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் சுமார் 2,500 பாட்டு பிடிக்கும். தினம் ஒரு மணி நேரம் கார் ஓட்டுகிற ஆசாமி, எந்தப் பாட்டையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை என்று சபதம் எடுத்தாலும், கேட்டு முடிக்க ஏழு மாசம் ஆகும்.

ஏழு மாசத்துச் சரக்கு! எந்த மளிகைக் கடைக்காரராவது இவ்வளவு ஸ்டாக் வைப்பாரா? ஆனால் நடப்பது என்ன? வண்டலூர் வருவதற்குள் பதினான்கு பாட்டை 'நெக்ஸ்ட்' அமுக்கித் தள்ளிவிட்டு, வெறுத்துப் போய் எஃப்.எம்.மைத் திருப்பி, அதில் வீட்டுமனை விளம்பரம் கேட்டுக்கொண்டு போகிறோம். கிடங்கு நிறையச் சரக்கு இருக்கிறது. எது எங்கே என்று சொல்லப் புத்தகம்தான் இல்லை.

"இந்தக் காலத்திலும் பென் டிரைவா ஸார்? ஃபோனை ப்ளூடூத்தில் கனெக்ட் பண்ணிட்டு போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்கும் பையன்கள் எனக்குத் தெரிந்த எல்லா ஆபீசிலும் இருக்கிறார்கள். பத்திரிகைக்கு எழுதுவது போக, மாசத்தில் சில நாள் ஒரு ஆடிட்டரிடம் கணக்குப் பார்க்கிறேன். அங்கேயும் ஒருவன் இருக்கிறான். அவனோடு ஒரு நாள் காரில் போனேன். சுசீலா அம்மா சரணத்தின் உச்சிக்குப் போய் நிற்கிற இடத்தில் ஃபோன் மணி அடித்தது. நாலு ஸ்பீக்கரிலும் ஒரு பெண் குரல், "ஸார், உங்களுக்கு பர்சனல் லோன் தேவைப்படுதா?" என்று கேட்டது. அதற்கும் பின்னணியில் வயலின் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிக்னல் விஷயம் வேறு இருக்கிறது. அதைவிட முக்கியம், வாடகைப் பாட்டு வாடகைப் பாட்டுதான். கூகுள் ப்ளே மியூசிக் 2020-இல் மூடிக்கொண்டது. விங்க் 2024-இல் கடையைக் கட்டியது. பாட்டு எங்கும் ஓடிவிடவில்லை, வேறு கடையில் கிடைக்கும். நாம் வருஷக் கணக்காகப் பார்த்துப் பார்த்து அடுக்கின லிஸ்ட்டுதான் போகும். மாசா மாசம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற வீட்டில் யாராவது தென்னங்கன்று நடுவார்களா?

எம்.பி.3 நம் சொந்த வீடு. ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் என்ற ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் 1995 ஜூலையில் அந்தப் பெயரை வைத்தார்கள். 2017 ஏப்ரலில் அதன் லைசென்ஸ் திட்டம் முடிவுக்கு வந்தபோது, 'எம்.பி.3 செத்தது' என்று பல பத்திரிகைகள் இரங்கல் எழுதின. உண்மையில் அன்றுதான் அது யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாத சுதந்திரப் பிரஜை ஆயிற்று. இன்றைக்கும் எந்த ஓட்டை ஸ்டீரியோவில் போட்டாலும் பாடுகிறது.

என்னுடையது அப்படிப்பட்ட ஒரு ஸ்டீரியோதான். கார் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஸ்டீரியோவில் ஒரு யு.எஸ்.பி. ஓட்டை, ஒற்றை வரி டிஸ்ப்ளே, அவ்வளவுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு கடைக்காரர், "கழட்டிப் போடு ஸார், பத்து இஞ்ச் டச் ஸ்க்ரீன் மாட்டித் தரேன், யூட்யூப்பே பாக்கலாம்" என்றார். கார் ஓட்டும்போது யூட்யூப் பார்க்கலாம் என்பதை ஒரு வசதியாகச் சொன்ன அந்த நல்ல மனிதரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பித்தான் உள்ள ஸ்டீரியோவில் ஒரு சௌகரியம் உண்டு. ரோட்டைப் பார்த்தபடியே விரலால் தடவி அமுக்கலாம்.

சரி, புத்தகம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் சிக்கல் பெயர்.

கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி புரியும். ஒரே பார்ட்டிக்குப் பேரேட்டில் ஐந்து கணக்கு இருந்தால் எப்படியிருக்கும்? இங்கிலீஷில் இளையராஜாவை எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் 'ஐ' போட்டு, போடாமல். 'ஒய்' போட்டு, போடாமல். 'எல்' ஒன்று, இரண்டு. கடைசியில் 'ஏ' ஒன்று, இரண்டு. என் பென் டிரைவில் ஏழு இளையராஜாக்கள் இருந்தார்கள். ஏழு பேரும் தனித்தனி ஆசாமிகள் என்றுதான் ஸ்டீரியோ நம்பிக்கொண்டிருந்தது. 1976-இல் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்த ஒருவருக்கு இத்தனை பினாமிகள்!

அடுத்து, 'ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? வெள்ளைக்காரனுக்கு அது சுலபம். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கிடாரோடு பாடுகிறவன் பெரும்பாலும் ஒரே ஆள். நமக்கு? பாடியவர் டி.எம்.எஸ்., மெட்டு விஸ்வநாதன்-ராமமூர்த்தி, எழுதியவர் கண்ணதாசன். கேட்கிறவர்கள் சொல்வதோ, 'சிவாஜி பாட்டு போடு!' சிவாஜி அந்தப் பாட்டில் வாயைத்தான் அசைத்தார். ஆனால் நம் ஊரில் பாட்டுக்குப் பட்டா அவர் பேரில்தான். யோசித்து, பாடியவரை ஆர்ட்டிஸ்டிலும், இசையமைப்பாளரைக் 'கம்போஸர்' என்ற கட்டத்திலும் எழுதினேன். நடிகரைக் 'கமெண்ட்'டில் உட்கார வைத்தேன். நண்பர்கள் கொடுத்த ஃபைல்களில் பல விசித்திரம். பாடியவர், படம், வருஷம் எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வெப்ஸைட்டின் பெயர். கல்யாணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி வெட்டியிருந்தார்கள்.

தமிழிலேயே எழுதலாமே என்று தோன்றும். கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும். என் ஸ்டீரியோ மாதிரிப் பழைய பெட்டிகளில் தமிழ் எழுத்து இல்லாததால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே டிஸ்ப்ளேயில் இங்கிலீஷ், மனசுக்குள் தமிழ்.

வகை என்று இன்னொன்று இருக்கிறது. அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய முறையில் ஒவ்வொரு எம்.பி.3 ஃபைலின் வாலிலும் 128 பைட் ஒதுக்கி விலாசம் எழுதுவார்கள். பாட்டின் பெயருக்கு முப்பது எழுத்து, பாடியவருக்கு முப்பது, ஆல்பத்துக்கு முப்பது, வருஷத்துக்கு நாலு. பாட்டு எந்த வகை என்பதற்கு ஒரே ஒரு நம்பர், பூஜ்யத்திலிருந்து 79 வரை. அந்த எண்பதில் 'போல்கா' உண்டு. கர்னாடக சங்கீதம் கிடையாது, கானா கிடையாது. பூஜ்யம் என்றால் 'ப்ளூஸ்'. வகை தெரியாதபோது சில ஸாஃப்ட்வேர்கள் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடும். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் என் காரில் சூலமங்கலம் சகோதரிகள் கந்த சஷ்டி கவசம் பாட, டிஸ்ப்ளேயில் 'ப்ளூஸ்... ப்ளூஸ்...' என்று ஓடிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டுப் பிள்ளையார் தம்பிக்கு வந்த புது கௌரவத்தைக் கண்டுகொள்ளவில்லை.

சத்தமும் ஒரு பிரச்னை. அறுபதுகளின் பாட்டு மெதுவாகப் பேசும், இன்றைய பாட்டு வந்ததுமே கத்தும். ஒன்றைக் கேட்க வால்யூமை ஏற்றினால் அடுத்தது வந்து காதில் அறையும். பின் சீட்டிலிருந்து, "என்னங்க, குழந்தை தூங்குதுங்க!" என்று மனைவி கத்துவது அதைவிடப் பலமாகக் கேட்கும். இதற்கு எம்.பி.3கெய்ன் என்று ஓர் இலவச ஸாஃப்ட்வேர் இருக்கிறது. பாட்டை மறுபடி சுருக்காமலே, ஒன்றரை டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கி, எல்லோரையும் ஒரே குரலில் பேச வைத்துவிடும். கூட்டுக் குடும்பங்களுக்கும் இப்படி ஒன்று கண்டுபிடித்தால் புண்ணியமாகப் போகும்.

இவ்வளவும் செய்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் நம்பர் போட்டு, பென் டிரைவைச் சொருகினால் ஒன்று, இரண்டு என்று வரும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? வராது. ஐந்து, பதினொன்று, இரண்டு, ஒன்பது என்று லாட்டரி குலுக்கும். ஸ்டீரியோ ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டு போகாதீர்கள். அது நம் அக்கவுண்டன்ஸி பாடம்தான்.

நடவடிக்கை நடக்க நடக்க எழுதுவது குறிப்பேடு. அதை ஒழுங்காகப் பிரித்து அடுக்குவது பேரேடு. பென் டிரைவுக்குள்ளே இருப்பது குறிப்பேடு மட்டும். எந்த ஃபைல் முதலில் வந்து இறங்கியதோ அதுதான் முதல் வரி. கம்ப்யூட்டர் நமக்குக் காட்டும்போது பெயர்வாரியாக அடுக்கி, பேரேடு மாதிரி பாவனை பண்ணுகிறது. பல கார் ஸ்டீரியோக்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. குறிப்பேட்டை அப்படியே மேலிருந்து கீழே வாசித்துவிடும். நடுவில் ஒரு பாட்டை அழித்துப் புதுசு ஒன்றைப் போட்டால், காலியான அந்த இடத்திலேயே புதுசு போய் உட்கார்ந்துகொள்ளவும் கூடும். பஸ்ஸில் கைக்குட்டை போட்ட ஸீட் மாதிரி.

வைத்தியம் எளிது. பென் டிரைவைச் சுத்தமாகத் துடைத்து, ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். புது முறைகள் பழைய ஸ்டீரியோவுக்குப் புரியாது. பிறகு ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக, எந்த வரிசையில் கேட்க வேண்டுமோ அந்த வரிசையில் காப்பி செய்யுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் வரிசையையே மாற்றித்தரும் டிரைவ்ஸார்ட், ஃபேட்ஸார்ட் மாதிரி இலவச ஸாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. நம்பர் போடும்போது 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். கம்ப்யூட்டரில் நேராகத் தெரிந்தாலும், வெறும் எழுத்து வரிசை பார்க்கிற பெட்டிகளுக்கு ஒன்றுக்கு அடுத்தது பத்து. ஆப்பிள் கம்ப்யூட்டரில் காப்பி செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புள்ளியும் கோடும் போட்ட பெயரில் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஃபைல்கள் கூடவே ஏறிக்கொள்ளும். ஸ்டீரியோ அவற்றையும் பாட்டு என்று நினைத்துப் பாட முயன்று திக்கும்.

'பாட்டு எந்த வரிசையில் வந்தால் என்ன, வந்தால் சரி' என்று நினைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அப்படி நினைக்காத ஒருவர் இருக்கிறார்.

அப்பாவுக்கு எழுபது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 2019-இல் அம்மா போன பிறகு தாம்பரத்தில் எங்களோடு இருக்கிறார். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை விழுப்புரம் போய், பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்து, ஜன்னலையெல்லாம் விரியத் திறந்துவைத்து, கிணற்றடித் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் பூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். போக மூன்று மணி, வர மூன்று மணி. ஆறு மணி நேரத்தில் என்னோடு மொத்தம் ஆறு வாக்கியம் பேசுவார். அதில் நாலு, "மெதுவாப் போடா." நான் கேட்டால் பதில் வரும். 'சாப்பிட்டீங்களாப்பா?' 'ம்.' 'கால் வலிக்குதா?' 'ம்ஹூம்.' அம்மா இருந்த வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எல்லாத் தபாலும் அம்மா வழியாகத்தான் போயிற்று. போஸ்ட் ஆபீஸை மூடிவிட்டால் கடிதம் எப்படி வரும்?

ஒரு சனிக்கிழமை ஒரு டி.எம்.எஸ். - சுசீலா டூயட் முடிந்தது. அடுத்து ஏதோ குத்துப் பாட்டு ஆரம்பித்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "அடுத்து ஜானகி பாட்டு இல்ல வரணும்?" என்றார்.

"எதுலப்பா?"

"கேசட்டுல."

அன்று விழுப்புரம் வீட்டுப் பரணில் ஏறி, பழைய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினேன். பதினோரு கேசட். அதில் ஒன்றின் அட்டையில் நீல மசியில் அம்மாவின் கையெழுத்து. 'ஏ' பக்கம் ஏழு பாட்டு, 'பி' பக்கம் ஆறு பாட்டு. கீழே 1986.

இருபது வயதுத் தம்பிகளுக்கு ஒரு விளக்கம். அந்தக் காலத்தில் ரெகார்டிங் சென்டர் என்று ஊருக்கு ஊர் இருக்கும். வேண்டிய பாட்டையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, காலிக் கேசட்டையும் கொடுத்தால், இசைத் தட்டிலிருந்து பதிந்து வைப்பார்கள். அடுத்த வாரம் போய் வாங்க வேண்டும். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். அதற்குள் அடக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எதை வைப்பது என்று வீடே கூடி யோசிக்கும். 2,500 பாட்டு வைத்திருக்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த ருசியும் இல்லை.

அட்டையின் பின்பக்கம் பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு இருந்தது. 4½, 4, 5, 4¼... ரேடியோவில் பாட்டு வரும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அம்மா நிமிஷம் குறித்திருக்கிறாள். மொத்தம் 31½. பட்ஜெட்டைவிட ஒன்றரை நிமிஷம் அதிகம்! அடித்துத் திருத்தவில்லை. தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாள். அந்தக் கடைசிப் பாட்டை விட மனசு வரவில்லை போலிருக்கிறது.

கேசட்டின் நாடாவில் லேசாக வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. நண்பரிடமிருந்து ஒரு பழைய டெக் வாங்கி, அதன் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நாடாவைப் பென்சிலால் மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றி, டெக்கிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். ஆடாசிட்டி என்ற இலவச ஸாஃப்ட்வேரில் பதிந்தேன். இதில் அவசரம் நடக்காது. அறுபது நிமிஷக் கேசட் அறுபது நிமிஷம்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போல.

அந்தப் பதின்மூன்று பாட்டும் ஸி.டி.யில் பளிச்சென்று கிடைக்கின்றன. இரண்டு விதமாகவும் தயார் செய்தேன். ஒன்று, அம்மா எழுதிய வரிசைப்படி ஸி.டி.யின் சுத்தமான பிரதி. இன்னொன்று, கேசட்டில் இருந்தபடியே, இரைச்சலோடு. அடுத்த சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். இரண்டு கொட்டேஷன் வாங்கி முதலாளி முன்னால் வைக்கிற குமாஸ்தா மாதிரி, இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

ஸி.டி. பிரதியைக் கேட்டு, "நல்லா இருக்கு" என்றார். அடுத்து கேசட் பிரதி. ஏ பக்கம் ஒவ்வொன்றாகப் போய் ஏழாவது பாட்டு வந்தது. நடுச் சரணத்தில், ஒரு சொல்லின் பாதியில், 'டக்'கென்று நின்றது. நாடா அங்கே தீர்ந்துபோயிற்று. அதுதான் அந்த ஒன்றரை நிமிஷம். நான் பி பக்கத்துக்குப் போகப் பித்தானில் கை வைத்தேன்.

"இரு" என்றார் அப்பா.

இருந்தேன். அவர் விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பரனூர் டோல்கேட் தூரத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தாளம் நின்றது.

"ம். இப்பத் திருப்பிப் போடு."

பிறகு அவராகவே சொன்னார்: "டேப்பு அங்க நின்னுடும். உங்கம்மா அடுப்படியிலேருந்து மீதியப் பாடி முடிப்பா. அப்புறம்தான் நான் எழுந்து போய்த் திருப்பிப் போடுவேன். தினம் அப்படித்தான்."

அம்மா பாடியது எதிலும் பதிவாகவில்லை. யாரும் பாடச் சொல்லிக் கேட்டதுமில்லை, அடுப்படியில் பாடுகிறவர்களை யார் கேட்கிறார்கள்?

ஏ பக்கத்துக்குக் கேசட் பிரதி, பி பக்கத்துக்கு ஸி.டி. பிரதி என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். ஸ்டீரியோவுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஏழாவது முடிந்த அடுத்த நொடியே எட்டாவதை ஆரம்பித்துவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஆடாசிட்டியில் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்றுமே இல்லாத ஒரு ஃபைல் செய்தேன். வெறும் நிசப்தம். நிசப்தமானாலும் 128-ல் பதிந்தால் இடம் அதேதான், ஒன்றரை மெகாபைட். அதை ஏழுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வைத்தேன். ஒரு ஃபைலுக்கும் பெயர் இல்லாமல் விடுவதில்லை என்பது என் கொள்கை. 'ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஆறு வாக்கியம் போதவில்லை. ரெகார்டிங் சென்டர்க்காரரிடம் அம்மா எட்டணா பேரம் பேசிய கதை மேல்மருவத்தூர் வரைக்கும் வரும். மூன்றாவது பாட்டு எந்தப் படத்தில் வருகிறது, அந்தப் படத்துக்கு எந்தத் தியேட்டரில் டிக்கெட் கிடைக்காமல் திரும்பினார்கள், திரும்பி வரும் வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் திண்டிவனம் வரைக்கும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் மட்டும், "இன்னும் எத்தனை எடத்துலடா காசு குடுப்பே?" என்று ஒரு சின்ன இடைவேளை. 'மெதுவாப் போடா' இப்போது சொல்வதில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் நானே மெதுவாகத்தான் போகிறேன்.

அதற்குப் பிறகு என் பேரேட்டைத் திருத்தி எழுதினேன். படவாரியாக, வருஷவாரியாகப் பிரித்ததெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரோடு சரி. காருக்குப் போகும் பென் டிரைவில் ஐந்தே ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் பதின்மூன்று, பதினான்கு பாட்டு. அப்பாவுக்கு ஒன்று, காலை டிராஃபிக்குக்கு ஒன்று, ராத்திரி தனியாகத் திரும்பும்போது கேட்க ஒன்று, மனைவிக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. 32 ஜி.பி.யில் முக்கால்வாசிக்கு மேல் காலி. அது காலியாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

காரில் இருப்பது நகல்தான். வெயிலில் நிறுத்தின காருக்குள் பென் டிரைவ் வெந்து கொண்டிருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் மண்டையைப் போடலாம். அசல் வீட்டு ஹார்ட் டிஸ்கில். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் விதி. மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனத்தில், ஒன்று வெளியூரில். கோயமுத்தூரில் இருக்கும் அக்காவுக்கு ஒரு பென் டிரைவ் அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி ஃபோன் பண்ணினாள். "டேய், ஏழாவது பாட்டுக்கு அப்புறம் சத்தமே வரலையே, கெட்டுப் போச்சா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பக்கத்திலும் சத்தமே வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிஸ்கட் டின் இருக்கக்கூடும். இருந்தால், அடுத்த மழைக்காலப் பூஞ்சை வருவதற்குள் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். பாட்டுகளை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அட்டையில் எழுதியிருக்கும் வரிசை கடையில் கிடைக்காது. கேசட்டைப் பதிய நேரமில்லாவிட்டால், அட்டையையாவது இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

போன வாரம் என் பெண் வந்து, "தாத்தாவுக்கு மட்டும் லிஸ்ட்டு, எனக்கும் நானே லிஸ்ட்டு எழுதுவேன்" என்றாள். ஒன்றாம் வகுப்பு. பென்சிலும் காகிதமும் கொடுத்தேன். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினாள். ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர் போட்டிருந்தாள், பூஜ்யம் சேர்க்காமல். ஏழிலும் ஒரே பாட்டு.

"என்னம்மா இது, எல்லாம் ஒண்ணேதானே?"

"ஆமாம்ப்பா. நடுவுல வேற எதுவும் வந்துடக் கூடாது."

ஏழு தடவை காப்பி செய்து, 01 முதல் 07 வரை நம்பர் போட்டு ஏற்றிவிட்டேன். வரிசை மாறினாலும் பிரச்னை இல்லாத ஒரே ஃபோல்டர் அதுதான். இருந்தாலும், வரிசைப்படியே ஏற்றினேன்.